சிட்டையைக் கிழித்த கதை



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் தரவுத்தள வழங்கி. வேலைத்தலங்களில் டேட்டாபேஸ் சேர்வர் என்று சொல்வோமே, அதுதான். நீங்கள் வங்கி அட்டையைச் செருகிக் காசு எடுக்கும்போதும், ரயிலுக்கு இருக்கை பதியும்போதும், எங்கோ ஓர் அறையில் இருக்கும் இப்படியொரு வழங்கிதான் கணக்கை வைத்திருக்கிறது. அது நின்றுவிட்டால் என்ன செய்யவேண்டும், அதைவிட முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்பதை நான் விட்ட ஒரு பிழையிலிருந்து சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டு. டோர்ட்முண்டுக்கு அருகே வாகன உதிரிப்பாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். முதலில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். மாலை வகுப்பில் கணனி படித்தவன் என்று அறிந்து, பிறகு வழங்கியைப் பார்க்கும் பொறுப்பைத் தந்தார்கள். அங்கே இருந்தது போஸ்ட்கிரெஸ் என்ற, எவரும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய தரவுத்தளம். ஒரு வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அது நின்றுவிட்டது. களஞ்சியத்தில் ஒரு பெட்டியும் நகரவில்லை. வெளியே மூன்று லொறிகள் காத்து நின்றன. வன்தட்டில் இடம் இல்லை என்று திரையில் செய்தி.

இவ்வளவு இடமும் எங்கே போனது என்று தேடினேன். 'எக்ஸ்லொக்' என்று முடியும் பெயருள்ள ஓர் அடைவுக்குள், ஒவ்வொன்றும் 16 மெகாபைட் அளவான ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடந்தன. லொக் என்றால் பழைய குறிப்புகள்தானே என்று நினைத்தேன். மேலாளர் எனக்குப் பின்னால் நிற்கிறார். யோசிக்க நேரமில்லை. அழித்துவிட்டேன். வழங்கியை மறுபடி தொடக்கினேன். அது எழும்பவில்லை.

நான் அழித்தது என்ன? ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சிட்டை, பேரேடு இரண்டும் தெரிந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் நடந்த உடனே, நடந்த ஒழுங்கிலேயே சிட்டையில் எழுதிவிடுவார்கள். கடை பூட்டிய பிறகு ஆறுதலாக இருந்து, அவரவர் பெயருக்குரிய பக்கத்தில், பேரேட்டில் ஏற்றுவார்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தாலும் பயமில்லை. சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தரவுத்தள வழங்கி செய்வதும் இதே வேலைதான். அதன் பேரேடு அட்டவணைகள். போஸ்ட்கிரெஸ் அவற்றை 8 கிலோபைட் அளவான பக்கங்களாக வைத்திருக்கிறது. ஒரு கணக்கை மாற்றும்போது அந்தப் பக்கம் நினைவகத்தில் மட்டுமே மாறும். ஆனால் 'பதிந்துவிட்டேன்' என்று நமக்குச் சொல்லும் முன், மாற்றத்தின் விபரத்தைச் சிட்டையில் எழுதி, அது வன்தட்டில் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்கிறது. பக்கங்களைப் பேரேட்டில் ஏற்றுவது பிறகுதான். வழமையாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வேலையை முடித்து, இதுவரை ஏற்றியாகிவிட்டது என்று ஓர் அடையாளம் வைக்கும். மின்சாரம் நின்று திரும்பி வந்தால், கடைசி அடையாளத்திலிருந்து சிட்டையை வாசித்து விடுபட்டதை ஏற்றிக்கொள்ளும். சிட்டையை நான் கிழித்துவிட்டேன். அடையாளம் எங்கே என்று வழங்கிக்குத் தெரியவில்லை.

'பதிந்துவிட்டேன்' என்று சொன்னால் அது நிலைக்கவேண்டும். இந்த வாக்குறுதிக்கு இலக்கணம் வகுத்ததில் நாம் வாழும் ஜேர்மனிக்கும் பங்கு உண்டு. தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புபட்ட அட்டவணைகளாக வைக்கலாம் என்று 1970இல் எழுதியவர் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் கொட். கைசர்ஸ்லவுட்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேயோ ஹேர்டர், அந்திரேயாஸ் றொய்ட்டர் இருவரும் 1983இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு பதிவுக்கு இருக்கவேண்டிய நான்கு குணங்களைச் சேர்த்து 'அசிட்' என்று பெயரிட்டார்கள். செய்தால் முழுதாகச் செய்யவேண்டும், இல்லையேல் செய்யவே கூடாது. விதிகளை மீறக்கூடாது. ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு கலக்கக்கூடாது. பதிந்தது அழியக்கூடாது. உலகம் முழுவதும் கணனி மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

சரி, வழங்கி பழுதுபட்டால் எப்படிப் பார்ப்பது? நான் இப்போது கைக்கொள்ளும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலில், வழங்கி என்ன சொல்கிறது என்று வாசிக்கவேண்டும். மனிதர் வாசிப்பதற்கென்றே அது ஒரு குறிப்புக் கோப்பை எழுதுகிறது. சிட்டை வேறு, இது வேறு. என்ன நடந்தது என்பது பெரும்பாலும் இதன் கடைசி இருபது வரிகளில் இருக்கும்.

இரண்டாவது, அது நின்றுவிட்டதா, காத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு முறை எங்கள் வழங்கி அசையவில்லை என்று எல்லோரும் முறையிட்டார்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று வழங்கியையே கேட்கலாம். அதற்கு ஓர் அட்டவணை உண்டு. பார்த்தால், ஒருவர் ஒரு பதிவை மாற்றத் தொடங்கி, முடிக்காமலே மதிய உணவுக்குப் போயிருக்கிறார். அந்தப் பதிவுக்குப் பூட்டு. பின்னால் பதினான்கு பேர் வரிசையில். வழங்கியில் பழுதே இல்லை. இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் மட்டும், வழமையாக ஒரு நொடி பொறுத்துப் பார்த்து, ஒருவரின் வேலையைப் போஸ்ட்கிரெஸ் தானே இரத்துச் செய்துவிடும்.

மூன்றாவது, வழங்கி எந்த வழியால் தேடுகிறது என்று பார்க்கவேண்டும். கேள்விக்கு முன்னால் 'எக்ஸ்பிளெயின்' என்று எழுதினால் அது தன் வழியைச் சொல்லும். ஒரு கோடி வரிகளையும் முதலிலிருந்து வாசிக்கிறது என்றால் அங்கே இன்டெக்ஸ் இல்லை, அல்லது பயன்படவில்லை. இன்டெக்ஸ் பெரும்பாலும் 'பி-மரம்' என்ற அமைப்பில் இருக்கும். அதை எட்வர்ட் மக்கிறைற்றுடன் சேர்ந்து அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தில் உருவாக்கியவர் றூடொல்ஃப் பையர். 1972இலிருந்து மியூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஒரு பக்கத்தில் 300 வழிகாட்டிகள் என்று வைத்துக்கொண்டால், மூன்று படிகளில் 2 கோடி 70 இலட்சம் வரிகளுக்குள் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

நான்காவது வன்தட்டு. இடம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், ஏன் நிறைந்தது என்றும் கேட்கவேண்டும். அன்று நான் கேட்காத கேள்வி இது. எங்கள் பிரதிகளைச் சேமிக்கும் வன்தட்டு செவ்வாய் இரவே நிறைந்துவிட்டது. சிட்டைக் கோப்புகளை அங்கே அனுப்ப முடியாதவரை அழிக்கக்கூடாது என்பது வழங்கிக்கு இடப்பட்ட கட்டளை. அது கட்டளைப்படி சேர்த்து வைத்திருந்தது. அந்த வன்தட்டில் இருந்த வேறு எதையாவது நகர்த்திக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தால் வழங்கி தானே எழும்பியிருக்கும். பிரதி வன்தட்டையும் திருத்தியிருந்தால் சிட்டைகள் ஒவ்வொன்றாகத் தாமே போயிருக்கும். ஒரு வரியும் இழந்திருக்கமாட்டோம்.

வலுக்கட்டாயமாகத் தொடக்கும் கருவி ஒன்று உண்டு. ஆனால் கணக்கு சரியா என்பதற்கு அது பிணை நிற்காது. ஆகவே செவ்வாய் இரவுப் பிரதியை மீட்டோம். புதன், வியாழன், வெள்ளி காலை என்று அத்தனையும் போய்விட்டது.

எங்களைக் காப்பாற்றியவர் களஞ்சியத்தில் இருந்த வயதான துருக்கிக்காரர். வெளியே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய 'லீவர்ஷைன்' பிரதியை நாள்வாரியாகக் கோவையில் போட்டு வைப்பார். எல்லாம் கணனியில் இருக்கிறதே, இந்தக் கடதாசி எதற்கு என்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன். சனிக்கிழமை ஆறு பேர் இருந்து, அவர் வாசிக்க வாசிக்க மறுபடி பதிந்தோம். அவர் ஒரு சொல்லும் குத்திக் காட்டவில்லை. அவருடைய கோவையும் ஒரு சிட்டைதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இந்தப் பிழையை விட்டவன் நான் மட்டுமல்ல. 'லொக்' என்ற பெயரைப் பார்த்து அழித்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். ஆகவே 2017இல் வெளிவந்த பத்தாவது பதிப்பில், அந்த அடைவின் பெயரையே 'வால்' என்று முடியும்படி மாற்றிவிட்டார்கள். முன்கூட்டி எழுதும் பதிவு என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை.

நேயர்களே, உங்களில் பலர் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் கணனியில் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அது நின்றுவிட்டால், கை வைக்கும் முன் வழங்கியை நிறுத்தி, முழு அடைவையும் வேறு வன்தட்டில் அப்படியே பிரதி எடுங்கள். பிறகு வாசியுங்கள். எதை அழிக்கிறோம் என்று ஒரு வசனத்தில் சொல்லத் தெரியாத எதையும் அழிக்காதீர்கள். எடுத்த பிரதியை மாதம் ஒருமுறையாவது வேறொரு கணனியில் மீட்டுப் பாருங்கள். லொறிகள் ஒரு மணித்தியாலம் காத்து நிற்கட்டும், பரவாயில்லை.