கடனும் களத்துமேடும்
(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இழந்த நிலம் உரியவரிடம் மீளும் ஆண்டே யூபிலி என்று லேவியராகமம் கூறுகின்றது. ஆகவே இவ்விழாவில் கடனைப் பற்றி நாம் சிந்திப்பது பொருத்தமே.

ஏழை உழவருக்குச் சிறுகடன் என்பது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. 1890-களில் சென்னை மாகாணத்தில் இதனை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டினார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது; அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் உழவர் சங்கமொன்று எழுந்தது.

சோட்டா நாகபுரியில் முண்டா மக்கள் கடனால் நிலமிழந்து தவித்தனர். 1909-இல் இயேசு சபைக் குரு ஹாஃப்மன் அடிகளார் அங்கே கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். முதல் உலகப்போர் வேளையில், 1915-இல், ஜெர்மானியர் என்பதால் அவர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். சங்கமோ நிலைத்தது. ஒருவரையொருவர் அறிந்த மக்களின் சேமிப்பும் நாணயமுமே அதன் அஸ்திவாரம்.

நம் நாட்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அவ்வழியே வந்தவை. 1989-இல் தருமபுரியில் அரசு அவற்றைத் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. அடகு வைக்க நகையில்லாத தாய்மாரும் கடன் பெற்றனர்.

ஆயினும் ஒன்றைக் கவனிப்போம். ஆவணியில் விதைத்த சம்பா, தையில்தான் களத்துமேட்டுக்கு வரும். வாரத்தவணைக் கடனோ அடுத்த வாரமே வாசலில் நிற்கும். இடையில் ஏறக்குறைய இருபது வாரங்கள்! அத்தவணைகளை எதைக் கொண்டு கட்டுவது? மற்றொரு கடன் வாங்கித்தான். இப்படித்தான் நல்ல கடனும் கழுத்தை நெரிக்கும் கயிறாகின்றது. கறவை மாட்டுக்கு வாரத்தவணை பொருந்தும். பால் காசு அடிக்கடி வரும். நெல்லுக்கும் உளுந்துக்கும் அறுவடைத் தவணையே பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் அத்தகையது. தவணை தவறாமல் செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியுமில்லை.

எனவே, கையொப்பமிடுமுன் கணவனும் மனைவியும் ஒரு தாளில் இரு வரிசை எழுதுங்கள்: பணம் வரும் மாதங்கள் ஒருபுறம், கட்டவேண்டிய நாட்கள் மறுபுறம். இரண்டும் ஒத்துவராவிட்டால், அக்கடன் வேண்டாம். எழுதத் தெரியாதவருக்கு அன்பியத்தில் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். புயலும் வெள்ளமும் அறிந்த கடலூர் மாவட்டத்து மக்கள் நாம். சிறிதேனும் சேமிப்பு இல்லாமல் கடனை மட்டும் நம்பலாகாது.

அடுத்த தைமாதம் களத்துமேட்டில் நெல் குவியும்போது, அதில் நம் பிள்ளைகளின் பங்கு முதலில் வீடு வந்து சேரட்டும். அதுவே இவ்வூரில் யூபிலியின் பலனாகும்.