எண்ணப்பட்டவையும் எண்ணாமல் விடப்பட்டவையும்



அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் வரலாற்றை ஆராயும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. காலை அமர்வு கால்பந்தில் வீச்சுச் சாதனைகள் பற்றியது. பிற்பகல் அமர்வு கூடைப்பந்தின் முன்னோடிகள் பற்றியது. முதலாவது எண்களின் கதை, இரண்டாவது மனிதர்களின் கதை என்று தோன்றலாம். இரண்டையும் ஒரே கேள்வியோடு அணுகும்படி கேட்டுக்கொள்கிறேன்: யாரை ஆடவிட்டார்கள்? ஆடியதில் எதைக் கணக்கில் சேர்த்தார்கள்?

அமெரிக்கக் கால்பந்தில் 1906க்கு முன் பந்தை முன்னோக்கி வீசுவதே விதிமீறல். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று, விஸ்கான்சின் மாநிலத்து வாக்கெஷாவில், செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் விதிக்கு உட்பட்ட முதல் வீச்சை வீசினார். யார் கையும் படாமல் பந்து தரையில் விழ, அன்றைய விதிப்படி அது எதிரணிக்குப் போய்விட்டது. அதே ஆட்டத்தில் மறுபடி வீசினார். ஜாக் ஷ்னைடர் பிடித்தார். 20 கெஜத்தில் டச் டவுன். இன்றைய சாதனைகள் எல்லாம் அந்த விதித் திருத்தத்திலிருந்து கிளைத்தவைதான்.

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் டை டெட்மர் 1988 முதல் 1991 வரை ஆடித் தன் வீச்சுகளால் 15,031 கெஜம் சேர்த்தார். ஹவாயின் டிம்மி சாங் 17,072 கெஜத்தோடு அவரை முந்தினார். ஹூஸ்டனின் கேஸ் கீனம் 2011இல் 19,217 கெஜத்தில் முடித்தார். வரிசையாகப் பார்த்தால் ஏணிப்படி மாதிரி இருக்கிறது. ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ., பருவ இறுதியில் ஆடும் பவுல் ஆட்டங்களை 2002 முதல்தான் கணக்கில் சேர்த்தது. டெட்மரின் எண்ணில் அவருடைய பவுல் ஆட்டங்கள் இல்லை. சாங்குக்குப் பாதி வழியில் விதி மாறியது. கீனத்துக்கு, முழங்கால் காயத்தால் ஒரு பருவம் வீணானதால், கூடுதலாக ஓர் ஆண்டு ஆட அனுமதி கிடைத்தது. இதைச் சொல்வதால் கீனத்தின் பெருமை ஒரு துளியும் குறையாது. மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு அளவுகோல்களில் அளந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது, அவ்வளவே.

கல்லூரிக் கால்பந்தின் உயர்மட்டப் பிரிவில், ஒரே ஆட்டத்தில் 734 கெஜம் என்ற சாதனையை இருவர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். 2014இல் வாஷிங்டன் ஸ்டேட்டின் கானர் ஹாலிடே, 2016இல் டெக்சாஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ். இருவரின் அணியும் அந்த ஆட்டத்தில் தோற்றது. ஹாலிடேயின் அணி 59–60 என்று ஒரே புள்ளியில். தோற்கிற அணிதான் வீசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீவ் மெக்னேரின் 14,496 கெஜம் தனியாகப் பேசப்பட வேண்டியது. கறுப்பினத்தவருக்கான கல்லூரியாக 1871இல் மிசிசிப்பியில் தொடங்கிய ஆல்கார்ன் ஸ்டேட்டுக்கு ஆடியவர் அவர். பெரிய பல்கலைக்கழகங்கள் சில அவரைத் தற்காப்பு ஆட்டக்காரராகவே கேட்டன. குவார்ட்டர்பேக்காக ஆட ஆல்கார்ன் இடம் தந்தது, அங்கே போனார். கறுப்பின இளைஞனுக்கு அணியை வழிநடத்தும் இடத்தைத் தரத் தயங்கியது நெடுங்கால வழக்கம். அதனால் எறியப்படாமலே போன வீச்சுகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

பிற்பகல் அமர்வுக்கு வருகிறேன். 1966இல் இரண்டு இளைஞர்கள் தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்சுக்குள் வந்தார்கள். லூசியானா ஸ்டேட்டுக்கு பீட் மரவிச். நாஷ்வில்லின் வாண்டர்பில்ட்டுக்கு பெரி வாலஸ். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே மரவிச்சின் 3,667 புள்ளிகள் மூன்றே ஆண்டுகளின் கணக்கு. அப்போது மூன்று புள்ளிக் கோடும் இல்லை. வாலஸோ அந்த அமைப்பில் உதவித்தொகையோடு முதன்மை அணிக்கு ஆடிய முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரர். அவருடைய பலமே பந்தை வளையத்துக்குள் அறைந்து இறக்கும் டங்க். 1967இல் என்.சி.ஏ.ஏ. அதையே தடைசெய்தது.

முதலாண்டு அணியில் வாலஸுடன் காட்ஃப்ரி டில்லர்ட் என்ற இன்னொரு கறுப்பின வீரரும் இருந்தார். 1967இல் மிசிசிப்பி ஸ்டேட்டில் ஆடியபோது கூட்டம் முழுக்க வசைமாரி. இடைவேளையில் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தபோது இருவரின் கைகளும் சில்லிட்டிருந்தன. ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். பின்னர் முழங்கால் காயம்பட்ட டில்லர்ட், முதன்மை அணிக்கு ஆடாமலே வாண்டர்பில்ட்டை விட்டுப் போனார். வாலஸ் தனியாக நின்று பட்டம் பெற்றார். பிற்காலத்தில் சட்டப் பேராசிரியரானார். ஆட்ட அட்டையில் அவர் எடுத்த ரீபவுண்டுகள் இருக்கின்றன. எந்தக் கூச்சலுக்கு நடுவே எடுத்தார் என்பது அதில் இல்லை.

பெண்கள் விஷயத்தில் பதிவேடே வெளிப்படையாகக் கதவடைத்தது. 1970களில் பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனிச் சங்கம். 1982இல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான கூடைப்பந்துப் பட்டப்போட்டியைத் தொடங்கியது. பழைய சங்கத்தின் கணக்குகளைத் தன் ஏட்டில் ஏற்றுக்கொள்ளவில்லை. கன்சஸின் லினெட் வுட்டார்ட் ஆண்களின் பந்தோடு, மூன்று புள்ளிக் கோடு இல்லாமல் எடுத்த 3,649 புள்ளிகள் இப்படித்தான் வெளியே நின்றன. 2024இல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் சாதனைகளை ஒவ்வொன்றாகக் கடந்தபோதுதான் பலர் வுட்டார்டின் பெயரையே கேட்டார்கள். கிளார்க் 3,951இல் நிறுத்தினார். தென் கரோலினா மாநிலத்துச் சிறிய கல்லூரி ஒன்றின் பெர்ல் மூர் 1979இலேயே 4,061 எடுத்து முடித்திருந்தார். சிறிய கல்லூரி, வேறு சங்கம் என்று சொல்லி அவரை அடிக்குறிப்பில் தள்ளுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இன்று கட்டுரை படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓர் எண்ணைச் சொல்லும்போது அது எந்தச் சங்கத்தின் கணக்கு, எத்தனை பருவங்கள், எந்த விதிகள் என்பதையும் கூடவே சொல்லுங்கள். டில்லர்டைப் போல முதன்மை அணியின் ஏட்டில் ஒரு வரியும் இல்லாதவர்களைப் பற்றி இன்றைய நிரலில் கட்டுரை எதுவும் இல்லை. அடுத்த கருத்தரங்கில் அவர்களுக்கென்றே ஓர் அமர்வு ஒதுக்க வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் இப்போதே விண்ணப்பிக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.