கோழிக் காய்ச்சலும் புலியின் சாவும்
(திருப்பரங்குன்றத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



பறவைக் காய்ச்சலைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கடவுள், மதம், சாதி இவைகளைப் பற்றிப் பேசுகிற மேடையிலே கோழியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். வேறு ஊராக இருந்தால் அது நியாயந்தான். சேவலைக் கொடியாகவும் மயிலை வாகனமாகவும் வைத்துப் பிழைக்கிற இந்த ஊரில் அப்படி நினைக்க இடமில்லை.

சங்கதி இதுதான். 2024 டிசம்பரில் நாகபுரிக்கு அடுத்த கோரேவாடா மிருகப் பாதுகாப்பு நிலையத்தில் 3 புலிகளும் 1 சிறுத்தையும் செத்தன. போபால் சோதனைச் சாலையில் பார்த்ததில், எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் கிருமி அவைகளின் உடம்பில் இருந்ததாக 2025 ஜனவரியில் தெரிந்தது. அதே வருஷம் மே மாதம் கோரக்பூர் மிருகக்காட்சிச் சாலையில் ஒரு பெண் புலியும் இதே நோயில் மாண்டது. துர்க்கைக்கு வாகனம், ஐயப்பனுக்கு வாகனம் என்கிறார்களே, அந்தப் புலிதான்!

கோழியின் காய்ச்சல் புலிக்கு எப்படி வந்தது? தின்றதால் வந்திருக்கலாம். 2004ல் தாய்லாந்து தேசத்து ஸ்ரீராச்சா புலிப் பண்ணையில், பச்சைக் கோழி போட்டு வளர்த்த புலிகளில் நூற்றுக்கு மேற்பட்டவை செத்தும் கொல்லப்பட்டும் ஒழிந்தன. ஆனால் தின்பதோடு மட்டும் இது நிற்கவில்லை. 2023ல் அர்ஜென்டைனாவின் வால்டெஸ் கரையில் யானைச் சீல் என்கிற கடல் மிருகத்தின் குட்டிகள் சுமார் 17,000 செத்துக் கிடந்தன. பால் குடிக்கிற குட்டி எந்தப் பறவையைத் தின்றது? மிருகத்திடமிருந்தே மிருகத்துக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். அலாஸ்காவில் ஒரு பனிக்கரடியும் அந்த வருஷமே இதற்குப் பலியானது தெரியவந்தது.

இப்பொழுது நம் புராணிகர்களைக் கேட்கிறேன். ஒவ்வொரு ஜீவனையும் பிரமன் தனித்தனியே படைத்தான் என்கிறீர்களே. பறவையின் கிருமிக்குப் புலியின் நுரையீரலில் இடம் கிடைத்தது எப்படி? பறவையும் மிருகமும் மனிதனும் ஒரே வேரில் கிளைத்தவர்கள். உடம்பின் அமைப்பிலே உறவு இருக்கிறது. கிருமி பற்றிக் கொள்ளுகிற பிடி பறவையின் குடலிலும் உண்டு, நம் நுரையீரலின் அடியிலும் உண்டு. கிருமி பெருகும்போது தன்னைத்தானே பிரதி எடுக்கிறது. எடுக்கும்போது எழுத்துப் பிழை விடுகிறது. எந்தப் பிழை மிருக உடம்புக்குப் பொருந்துகிறதோ அது பிழைத்துப் பெருகுகிறது. இது தலையெழுத்தல்ல தோழர்களே, எழுத்துப் பிழை! 1997ல் ஹாங்காங்கில் 18 பேருக்கு இந்த நோய் கண்டு 6 பேர் மாண்டார்கள். மனிதனிடமிருந்து மனிதனுக்குச் சுலபமாகப் பரவும் சக்தி இன்னும் அதற்கு வரவில்லை. மிருகங்களில் பெருகப் பெருக அந்தச் சக்தி வந்துவிடுமோ என்பதே இன்றுள்ள பயம்.

நாம் என்ன செய்கிறோம்? கோழி செத்தால் அம்மன் கோபம் என்று கூழ் ஊற்றுகிறோம். செத்ததைக் கண்மாயில் எறிகிறோம். அதை நாய் இழுக்கிறது, கீரி தின்கிறது, நரி கொண்டு போகிறது. 2021 ஜனவரியில் ராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் நூற்றுக்கணக்கில் இந்த நோயால் விழுந்தன. பிதுர்க்கள் என்று சோறு வைக்கிறோமே, அந்தப் பிதுர்க்கள்தான்! செத்துக் கிடக்கும் காக்கையை வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை விடாதீர்கள்.

கோழிச் சாவெல்லாம் பறவைக் காய்ச்சல் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்கழிச்சல் வேறு, அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் எது எந்த நோய் என்று கோடாங்கியின் உடுக்கை சொல்லாது. திடீரென்று பல கோழிகள் விழுந்தால் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். செத்ததை அவர்கள் சொல்லுகிறபடி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சாகக் கிடக்கும் கோழியை அறுத்துத் தின்னாதீர்கள், சந்தைக்கும் கொண்டு போகாதீர்கள். மற்றபடி நன்றாக வெந்த கறிக்கும் முட்டைக்கும் பயமில்லை. 70 டிகிரி சூட்டில் கிருமி செத்துவிடும். இதைச் சாக்காக வைத்து, கறி தின்பதே பாவம் என்று புறப்படும் பக்தர்களை நம்பாதீர்கள்.

ஏழைகள் ஏன் நோயை மறைக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து கோழி வளர்க்கிற கிழவிக்கு அந்த முட்டைக் காசுதான் உப்பும் புளியும். நோய் கண்ட வட்டத்தில் சர்க்கார் கொல்லுகிற கோழிக்கு நஷ்டஈடு கொடுக்கத் திட்டம் இருக்கிறது. பெரிய பண்ணைக்காரருக்கு அது தெரியும். கிழவிக்கு யார் சொன்னது? அந்தப் பணம் அவள் கைக்கும் காலத்தில் வந்து சேரும் என்ற நம்பிக்கை இருந்தால், அவளே மருந்தகத்துக்கு முதலில் ஓடி வருவாள்.