விதைநெல் காத்த நகரம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உருசிய நாட்டின் பீட்டர்ஸ்பர்க் நகரைக் கண்டு திரும்பிய எங்கள் இருவரையும், கண்டவற்றைக் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். உருசியா வெகு தொலைவு என்று எண்ண வேண்டா. விக்ரோலிவாசிகளாகிய நமக்கு அண்டை இடமான பவாயில், ஏரிக்கரையில் நிற்கும் தொழில்நுட்பக் கழகம் 1958ஆம் ஆண்டு சோவியத் நாட்டின் உதவியைப் பெற்று எழுந்ததே. அதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே நிக்கிதின் என்னும் உருசிய வணிகர் இம்மும்பைக்குத் தெற்கேயுள்ள சௌல் துறைமுகத்தில் வந்திறங்கினார். ஆகவே நாங்கள் சென்றதை எதிர்ப்பயணம் என்றே கொள்ளலாம்!

செல்ல விரும்புவோர்க்கு முதலில் இரண்டு செய்திகள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் இந்தியர்கள் வீட்டிலிருந்தபடியே மின்னணு விசா பெறலாம். ஆனால் 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் நம் வங்கி அட்டைகள் பல அங்குச் செல்வதில்லை. செலவுக்குரிய பணத்தைக் கையில் கொண்டு செல்வதே நன்று. மாஸ்கோவிலிருந்து விரைவு இரயில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பீட்டர்ஸ்பர்க்கை அடைந்துவிடலாம்.

1703இல் பேரரசர் பீட்டர் சதுப்பு நிலத்தில் அமைத்த நகரம் இது. 1914இல் பெத்ரோகிராடு என்றும், 1924இல் லெனின்கிராடு என்றும் பெயர் மாறி, 1991இல் மீண்டும் பழைய பெயரை ஏற்றது. நேவா ஆறும் கால்வாய்களும் நகரைப் பல தீவுகளாகப் பிரிக்கின்றன. சூன் திங்களில் கதிரவன் இரவு பத்தரை மணியளவில் மறைந்து, மூன்றரை மணிக்கெல்லாம் மீண்டும் தோன்றுகிறான். இடையிலும் வானம் முற்றும் இருள்வதில்லை. நள்ளிரவு கடந்தபின் கப்பல்களுக்கு வழிவிட ஆற்றுப் பாலங்கள் நடுவே பிளந்து மேலெழும். அக்காட்சியைக் காண மக்கள் திருவிழாக் கூட்டம்போல் கரையில் நிற்கின்றனர். நாங்களும் நின்றோம், விடுதி அக்கரையில் இருந்ததை மறந்து நின்றமையால், பாலம் இறங்கும் வரை குளிரில் காத்திருந்தோம்! தரைக்கு 86 மீட்டர் ஆழத்தில் ஒரு சுரங்க இரயில் நிலையமும் உண்டு. நகரும் படியில் இறங்கிக்கொண்டே இருக்கிறோம். படி முடிவதாகக் காணோம்.

இவையெல்லாம் கண்ணுக்கு விருந்து. எங்கள் நெஞ்சில் நின்றவை வேறு.

இரண்டாம் உலகப் போரில் செருமானியப் படை இந்நகரை 1941 செப்டம்பர் முதல் 1944 சனவரி வரை, 872 நாட்கள் முற்றுகையிட்டது. 1941 நவம்பர் இறுதியில் தொழிலாளர் அல்லாதார்க்கும் குழந்தைகட்கும் நாளொன்றுக்கு அளந்தது 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவல்லாதன கலந்திருந்தன. பிஸ்கரியோவ் இடுகாட்டில் ஏறத்தாழ 4,20,000 குடிமக்களும் 70,000 போர்வீரர்களும் கூட்டுக் குழிகளில் துயில்கின்றனர். நடுகற்களில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது, பெயர் இல்லை. மக்கள் அங்கே மலரோடு ரொட்டித் துண்டும் மிட்டாயும் வைத்துச் செல்கின்றனர். பங்கீட்டு அட்டையுடன் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அந்த ரொட்டித் துண்டின் முன் எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

ஹெர்மிடாஜ் என்னும் பெருங்கலைக்கூடத்திலிருந்து அப்போர்க்காலத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்களை யூரல் பகுதிக்கு அனுப்பிவிட்டனர். படங்கள் சென்றன, சட்டங்கள் சுவரிலேயே நின்றன. உதவ வந்த போர்வீரர்களை வழிகாட்டி ஒருவர் அவ்வெறுஞ் சட்டங்களின் முன் நிறுத்தி, அங்கிருந்த ஓவியங்களை நினைவிலிருந்தே விளக்கினாராம்.

ஈசாக் தேவாலயச் சதுக்கத்தில் வாவிலோவ் பெயரால் விளங்கும் பயிர் ஆய்வு நிலையம் உள்ளது. உலகெங்கும் திரட்டிய விதைகள் அங்கே இருந்தன. முற்றுகைக் காலத்தில் அவற்றைக் காத்த அறிஞர் பலர் பசியால் மாண்டனர். நெல் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்த இவானோவ், நெற்பொதிகளின் நடுவே உயிர்நீத்தார். ஒரு பிடியும் எடுத்தாரில்லை. வறுமையிலும் விதைநெல்லைக் குத்தலாகாது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்சொல்லை உயிர்கொடுத்துக் காத்தவர் இருந்த வீட்டைக் கண்டு கைகூப்பினோம்.

இன்னொரு செய்தி நமக்கே உரியது. 1714இல் பீட்டர் தோற்றுவித்த குன்ஸ்ட்காமெரா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மெர்வார்ட்டும் அவர் மனைவி லுத்மிலாவும் 1914இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் புறப்பட்டு வந்தனர். 1918 வரை தங்கித் தமிழ் பயின்று, நம் மக்களின் புழங்குபொருள்களைத் திரட்டினர். ஊர் திரும்பிய மெர்வார்ட் லெனின்கிராடில் தமிழ் கற்பித்தார். 1929இல் பேச்சுத் தமிழுக்கு உருசிய மொழியில் இலக்கணம் வெளியிட்டார். பின்னர் அதே நகரின் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியராய் விளங்கிய ரூதினும், பியாத்திகோர்ஸ்கியும் தொகுத்த தமிழ்–உருசிய அகராதி 1960இல் மாஸ்கோவில் வெளிவந்தது.

உண்மையை மறைத்தலாகாது. மெர்வார்ட் 1930இல் சோவியத் அரசால் சிறைப்பட்டு, 1932இல் முகாமில் மாண்டார். விதை திரட்டிய வாவிலோவும் 1943இல் சரத்தோவ் சிறையில் உயிர்நீத்தார். பகைவனுடைய முற்றுகையைத் தாங்கிய நாடே தன் அறிஞரையும் விழுங்கியது. ஒரு நகரைப் புகழும்போது இதனையும் சேர்த்தே சொல்லுதல் முறையாகும்.

அன்பர்களே! ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறி அமைகிறோம். மெர்வார்ட்டின் கதையைக் கேட்ட எங்கள் பேத்தி, “அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா, தாத்தா? எனக்குத் தெரியாதே!” என்றாள். அவள் நன்றாகவே தமிழ் பேசுகிறாள். எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. குற்றம் அவளுடையதன்று. பாட்டனும் பாட்டியும் ஊரையும் குளத்தையும் கோயிலையும் வாயால் வருணித்தோம். வெறுஞ் சட்டத்தின் முன் நின்று விளக்கினோம். அவளே எடுத்துப் படிக்கும் எழுத்தை மட்டும் கையில் கொடுத்தோமில்லை. ஹெர்மிடாஜ் சட்டங்களுக்கு ஓவியங்கள் 1945இல் திரும்பி வந்தன. இங்கே நாம் கொடுத்தாலன்றி எதுவும் தானே வாராது.

ஆகவே வரும் ஞாயிறு தொட்டு, சங்க அறையில் காலை பத்து மணிக்கு எழுத்து வகுப்பு நடத்த நாங்கள் இருவரும் முன்வருகிறோம். கட்டணம் இல்லை, பலகையும் சுண்ணக்கட்டியும் எங்கள் பொறுப்பு. முதல் மாணவி எங்கள் பேத்தி. உங்கள் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள். நமக்கு முற்றுகையும் இல்லை, பட்டினியும் இல்லை. வாரம் ஒரு மணி நேரம் இருந்தாற் போதும்.