அடகுக் கடை கிட்டாரை வாங்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். பின்வரிசையில் பிள்ளைகள் சுண்டலுக்குக் காத்திருப்பதும் தெரிகிறது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கோடை விடுமுறையில் நம் மாடி ஹாலில் இசை வகுப்பு நடத்தலாம் என்று சென்ற கூட்டத்தில் முடிவானது. 14 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கருவிகள் வாங்கச் சங்க நிதியிலிருந்து 30,000 ரூபாய் ஒதுக்கலாம் என்றும் பேசினோம். அப்போதுதான் பி பிளாக் நண்பர் ஒருவர், டவுனில் ஒரு அடகுக் கடையில் இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு ஆம்ப், இரண்டு மைக் எல்லாம் சேர்த்து 22,000-க்குத் தருகிறார்கள் என்று சொன்னார். நான் இருபது வருஷம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தவன் என்பதால் என்னைப் பார்த்துவிட்டு வரச் சொன்னீர்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

அமெரிக்காவில் அடகுக் கடை என்றால் சுவரெல்லாம் கிட்டார் தொங்கும். யூடியூபில் நம் பிள்ளைகள் பார்ப்பது அதைத்தான். நம் ஊர் அடகுக் கடை தங்கத்துக்கானது, அடுத்தது வெள்ளி. ஒரு காலத்தில் பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும்கூடப் போகும். கிட்டாரை யாரும் சாதாரணமாக வாங்கி வைக்க மாட்டார்கள். ஆளைத் தெரிந்திருந்தால்தான் வாங்குவார்கள். அதனால் அங்கே ஒரு கிட்டார் இருக்கிறது என்றாலே, அதை வைத்தவர் இந்த ஊர்க்காரர், கடைக்காரருக்கு வேண்டியவர், வேறு எதுவும் அடகு வைக்க மிச்சமில்லாதவர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

முதலில் கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். இது நாளைக்கு நீங்கள் வேறு எங்கே பழைய கிட்டார் வாங்கினாலும் பயன்படும்.

கிட்டாரைக் கையில் எடுத்ததும் வாசித்துப் பார்க்காதீர்கள். துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளத்துக்குப் பாருங்கள். லேசான வளைவு இருக்கலாம். ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் என்றால் சரி. ஐந்து மில்லிமீட்டர் என்றால் பிள்ளை அழுத்தவே முடியாது. விரல் நுனி புண்ணாகி, பத்தே நாளில் "எனக்கு கிட்டார் வேணாம்பா" என்று சொல்லிவிடும். நாமோ பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று நினைத்துக்கொள்வோம். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

கம்பிகள் உடம்பில் வந்து சேரும் இடத்தில் பிரிட்ஜ் என்று ஒரு மரத்துண்டு ஒட்டியிருக்கும். அதன் பின்பக்க ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் வெயிலில் இது சகஜம். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் லாஃப்டில் மே மாதம் கிட்டாரை வைத்தால் பசை இளகத்தான் செய்யும். வீணையிலும் இதே கதை. அதன் 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. வெயிலில் காரின் டிக்கியில் வீணையை வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போய் உட்காராதீர்கள்.

கடையில் பார்த்த இரண்டு கிட்டாரில் ஒன்று யமஹா; நெக் நேராக இருக்கிறது, கம்பி மாற்றினால் போதும். இன்னொன்று கல்கத்தா கிட்டார், பிரிட்ஜ் தூக்கியிருக்கிறது. ஒட்டிவிடலாம். துரு ஏறின கம்பியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சில நூறு ரூபாயில் புது செட் கிடைக்கும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

கீபோர்டில் இருக்கும் எல்லாக் கட்டைகளையும் ஒன்றுவிடாமல் மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். நான் பார்த்ததில் நடுவில் ஒரு கட்டை மெதுவாக அழுத்தினாலும் கத்துகிறது. உள்ளே ரப்பர் காண்டாக்டில் தூசி படிந்திருக்கலாம், சரிசெய்துவிடலாம். பேட்டரி வைக்கும் இடத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பச்சை பூத்திருந்தால் யோசியுங்கள். அடாப்டர் கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள். எல்லா அடாப்டரும் ஒன்றல்ல. கேசியோவின் பழைய மாடல்கள் பல 9 வோல்ட், யமஹாவில் பல 12 வோல்ட். பிளஸ் மைனஸும் மாறியிருக்கும். வீட்டில் கிடக்கிற ஏதோ ஒன்றை எடுத்துச் சொருகினால் கீபோர்டு அன்றோடு சரி.

ஆம்ப் விஷயத்தில் மட்டும் நான் கறார். இந்த ஆம்பின் மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் போட்டிருக்கிறார்கள். எர்த் கிடையாது. கிட்டார்க் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் ஷாக் அடிக்கும். மேடையில் வாங்கினவர்களைக் கேளுங்கள். குழந்தைகள் தொடப்போகிற பொருள் இது. எலக்ட்ரீஷியன் ஒயரை மாற்றிச் சோதித்துக் கொடுத்த பிறகுதான் நம் ஹாலுக்குள் வர வேண்டும்.

மைக் இரண்டிலும் ஷூர் எஸ்எம்58 என்று போட்டிருக்கிறது. உலகத்திலேயே அதிகம் போலி வருகிற மைக்குகளில் ஒன்று அது. அசல் 298 கிராம் எடை. எதிரே இருந்த மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். ஒன்று சரியாக இருந்தது, இன்னொன்று ரொம்ப லேசு. கடைக்காரர் அண்ணாச்சி அரை கிலோ உளுந்து வாங்கினால்தான் தராசைத் தருவேன் என்றார், வாங்கினேன்.

ஆக, பொருளைப் பார்த்தால் 22,000 நல்ல விலைதான். கூட்டிக் கழித்தால் 18,000-க்கே முடிக்கலாம். ஆனால் வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டாவது முறை போனபோது அடகுச் சீட்டின் அடிக்கட்டையைக் காட்டச் சொன்னேன். அடகு வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. நம் மாநிலத்தில் 1943-ஆம் வருஷத்து அடகுக் கடைச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒரு வருஷமும் ஏழு நாளும் மீட்பதற்கு அவகாசம் உண்டு. நகைச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. பொது ஏலத்தில் விட வேண்டும். கடனும் வட்டியும் போக மிச்சம் இருந்தால் அது அடகு வைத்தவருக்குச் சேர வேண்டும். கடைக்காரரையும் ரொம்பக் குறை சொல்வதற்கில்லை. "இடத்தை அடைக்குது சார், அவர் எங்கே மீட்கப் போகிறார்" என்றார். அவர் கணக்கு அவருக்கு. ஆனால் ரசீது கேட்டால் தரத் தயங்குகிறார். ரசீது இல்லாமல் சங்கப் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாது என்பது பொருளாளருக்குத் தெரியும்.

அடகு வைத்தவரையும் போய்ப் பார்த்தேன். பக்கத்து ஊரில் சின்ன மெல்லிசைக் குழு வைத்திருப்பவர், மகளின் காலேஜ் ஃபீஸுக்காக வைத்திருக்கிறார். 14,000 கடன், வட்டியோடு இப்போது சுமார் 16,000 ஆகிறது. சித்திரையும் வைகாசியும்தான் அம்மன் கோயில் திருவிழாக் காலம், அவருடைய வருஷ வருமானமே அந்த இரண்டு மாதத்தில்தான். போன வருஷம் வாடகைக்குக் கருவி எடுத்து வாசித்ததில் பாதிப் பணம் அதற்கே போய்விட்டதாம். இந்தச் செட்டை நாம் வாங்கிவிட்டால் இந்த வருஷமும் அதே கதைதான்.

இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமானின் அப்பா ஆர்.கே. சேகர் 1976-ல் காலமானபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. அப்பா சேர்த்து வைத்த கருவிகள் வீட்டில் இருந்தன. விற்றுப் பணத்தைப் போட்டு வட்டியில் குடும்பத்தை நடத்தலாம் என்று யோசனை சொன்னார்கள். அவருடைய அம்மா விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில்தான் குடும்பம் நடந்தது. நமக்கு வேண்டியது இதில் இருக்கிறது. நாமும் வாடகைக்கு எடுப்போம்.

மாதம் 4,000 வீதம் நான்கு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தால் 16,000. அவர் கடையில் கட்டி, தன் பெயரிலேயே மீட்டுக்கொள்கிறார். திங்கள் முதல் வியாழன் வரை கருவிகள் நம் ஹாலில் இருக்கும். வெள்ளி காலை கச்சேரிக்கு எடுத்துப் போவார். வாரம் இரண்டு நாள் தானே வந்து கீபோர்டு சொல்லிக் கொடுப்பதாகவும் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, செயலாளரும் அவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

பொருளாளர் சார் கேட்கப்போவது எனக்குத் தெரியும். 16,000 கொடுத்தும் சங்கத்துக்குச் சொந்தமாக ஒன்றும் மிஞ்சாதே என்பார். உண்மைதான். நான்கு மாதம் கழித்து அவர் கருவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். திருவிழா நாட்கள் வாரத்தின் நடுவில் வந்தால் ஒன்றிரண்டு வகுப்பும் தவறும். ஆனால் 14 பிள்ளைகளில் ஆடி மாதம் வரை தாக்குப்பிடிப்பது நாலைந்து பேர்தான், அனுபவத்தில் சொல்கிறேன். மிச்சமிருக்கும் 14,000 அப்போது அந்த நாலு பேருக்குப் பயன்படட்டும்.

அதற்கு நல்ல இடமும் நம் ஊரிலேயே இருக்கிறது. தீபத்துக்கு வந்து மாசி வரை தங்குகிற வெளிநாட்டவர்கள், ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் லக்கேஜுக்குப் பணம் கட்ட விருப்பமில்லாமல் கிட்டார், ஹார்மோனியம், ஜெம்பே எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகிறார்கள். ரமணாசிரமம் பக்கத்து ஓட்டல்களின் நோட்டீஸ் பலகையைப் பாருங்கள். உரிமையாளரே நேரில் இருப்பார், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவார். ஹார்மோனியம் என்றால் கட்டை எதையும் அழுத்தாமல் துருத்தியை மட்டும் அடித்துப் பாருங்கள். கட்டை தொடாமலே சத்தம் வந்தாலோ, காற்று புஸ்ஸென்று இறங்கினாலோ வேண்டாம்.

வாடகைத் தீர்மானத்தை இன்றே ஓட்டுக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, நம் நான்கு பிளாக்கிலும் லாஃப்டில் சும்மா கிடக்கிற கிட்டார் ஐந்து இருப்பதாக என் கணக்கு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். கம்பி செலவு உங்களுடையது, மாட்டிக் கொடுப்பது என் பொறுப்பு.