சிவப்பு, மஞ்சள், பச்சை: எங்கட கை பட்ட விளக்குகள்

(அல்பர்ட்ஸ்லுண்டில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புத்தாண்டு மேடையில் பேசச் சொன்னால் எல்லோரும் மொழி, பண்பாடு பற்றித்தான் பேசுவார்கள். நான் இன்றைக்கு ரோட்டு முனையில் நிற்கிற சமிக்ஞை விளக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கட பொடியன் ஒருவன் பழைய சாமான் சந்தையில் ஒரு சிக்னல் லைற் வாங்கி, வீட்டு வரவேற்பறையில் அலங்காரமாக வைத்திருந்தான். "மாமா, இது அந்தக் காலத்துச் சாமான், ஆர் செய்தினமோ தெரியாது" என்றான். "தம்பி, இப்படியான விளக்குகளை எங்கட ஆக்களும் செய்தவை" என்றேன். அவன் நம்பவில்லை. அவன் நம்பாததில் பிழையில்லை. நாங்கள் சொல்லாவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் 1987இல் இந்த நாட்டுக்கு வந்தவன். இரண்டு வருஷம் கழித்து, கொப்பன்ஹேகனுக்கு மேற்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். கண்ணாடி வில்லையைச் சுற்றி ரப்பர் வளையம் போடுவது, பின்னால் வெள்ளிப்பூச்சுப் பூசிய கிண்ணம் போன்ற பிரதிபலிப்பானைப் பூட்டுவது, அதன் நடுவில் மின்குமிழ்த் தாங்கியை இறுக்குவது, இதுதான் வேலை. பிரதிபலிப்பானில் விரல் அடையாளம் பட்டால் வெளிச்சம் கெட்டுப்போகும் என்று துணிக்கையுறை தருவார்கள். எங்கட ஊர்ச் சந்தியில் சிக்னல் லைற்றே இருந்ததில்லை. அதைக் கொழும்பில்தான் முதலில் கண்டவன் நான்.

பக்கத்து மேசையில் ஒரு டெனிஸ் அம்மா இருந்தா. நான் படித்த முதல் டெனிஸ் சொற்கள் அவ சொல்லித் தந்தவைதான். மஞ்சளுக்கு 'கூல்' என்றா. ஒடியற்கூழ் ஞாபகம் வந்ததால் அந்தச் சொல் எனக்கு மறக்கவேயில்லை. சிக்னல் விளக்குக்கு இவர்கள் 'லூஸ்கூர்வ்' என்று சொல்லுவார்கள், அதாவது ஒளிக்கூடை. நல்ல பெயர்தானே!

பிள்ளையளுக்கு ஒரு விஷயம். உலகத்தின் முதல் வீதிச் சமிக்ஞை 1868இல் லண்டன் பாராளுமன்றத்துக்கு அருகில் வைக்கப்பட்டது. ரெயில்வேப் பொறியியலாளர் ஜே.பி. நைற் அமைத்தது. இரவில் காஸ் விளக்கில் எரிந்தது. அடுத்த வருஷமே அது வெடித்து, அதை இயக்கிய பொலிஸ்காரர் காயப்பட்டார். 1920இல்தான் டிட்ரோயிற் நகரத்துப் பொலிஸ்காரர் வில்லியம் பொட்ஸ் மூன்று நிறம் கொண்ட நாலு பக்க விளக்கை அமைத்தார். பழைய விளக்குகளுக்குக் கம்பியூட்டர் கிடையாது. பெட்டிக்குள் ஒரு மோட்டார் மெல்லச் சுற்றும். அதன் தண்டில் இருக்கும் பல் வைத்த தட்டுகள் ஒவ்வொரு தொடுப்பையும் நேரத்துக்குத் தட்டிவிடும். சிவப்பு போய்ப் பச்சை வரும்.

இந்த நாட்டு விளக்குக் கதையிலும் எங்களுக்குத் தெரிந்த துன்பம் ஒன்று உண்டு. பி.எச். விளக்கு என்று கடைகளில் பெரிய விலைக்கு விற்கிறார்களே, அதை வடிவமைத்தவர் போல் ஹென்னிங்சன். 1940 முதல் 1945 வரை ஜெர்மனியர் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்தபோது, இரவில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று கட்டளை. அப்போது அவர் ரிவோலிப் பூங்காவுக்காக, மேலே பறக்கிற விமானத்துக்குத் தெரியாமல் கீழே மட்டும் ஒளி விழும் விளக்கைச் செய்தார். 1943இல் அவரும் சிறு படகொன்றில் சுவீடனுக்குத் தப்பியோடினார். ஆமாம், அவரும் ஒரு அகதிதான். பொம்பர் சத்தம் கேட்டவுடன் விளக்கை ஊதி அணைத்த எங்களுக்கு அந்த விளக்கின் அருமை விளங்கும்.

1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் என் தாயார் எனக்குக் கடிதம் எழுதினா. நானோ இங்கே ஒரு நாளைக்கு நூறு விளக்கைப் பரிசோதனைக்காக எரிய விட்டு எரிய விட்டு அணைத்துக் கொண்டிருந்தேன். அந்த வேலைக்காசுதான் அங்கே மண்ணெண்ணெய் வாங்கப் போனது.

இனி எங்கட அல்பர்ட்ஸ்லுண்ட். இது 1960களில் திட்டம் போட்டுக் கட்டிய ரவுண். கார் ஓடும் பாதை வேறு, ஆட்கள் நடக்கும் பாதை வேறு. ரோட்டுக்குக் கீழே சுரங்கப் பாதையால் பிள்ளையள் பள்ளிக்கூடம் போகலாம், சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. அந்தப் பாதைகளில் தொப்பி போட்ட ஆள் மாதிரி நிற்கும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதை யென்ஸ் மொல்லர் யென்சன் 1963இல் இந்த ஊருக்காகவே வரைந்தார். லூயி போல்சன் நிறுவனம் செய்தது. அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற பெயரிலேயே அது வெளியூர்களிலும் விற்பனையாகியது. 2014இல் எங்கட ஹெர்ஸ்ரட் தொழிற்பேட்டையில் புது விளக்குகளைப் பரிசோதிக்கும் திறந்தவெளிக் கூடமும் வந்தது.

புது எல்.ஈ.டி. விளக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. பழைய குமிழ் எரிக்கும் மின்சாரத்தில் பெரும் பகுதி வெறும் சூடாகப் போகும். மிச்ச வெள்ளை வெளிச்சத்திலும் சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டும்தான் வெளியே விடும். எல்.ஈ.டி. நேராகவே சிவப்பைத் தரும். ஒன்று மட்டும், பழைய விளக்கின் சூட்டில் அதன் முகத்தில் விழுந்த பனி உருகிவிடும். புதிதில் சில நேரம் பனி அப்பிக்கொண்டு நிற்கும்!

நான் வேலை செய்த பகுதி 1990களின் கடைசியில் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஒரு கடிதம், ஒரு கோப்பி, ஒரு கேக் துண்டு. ஒன்பது தமிழர் வெளியே வந்தோம். பிறகு சிலர் துப்புரவு வேலை, சிலர் சமையலறை, சிலர் பஸ். இப்போது அந்தக் கட்டடத்தில் சாமான் சேமிப்பு அறைகள்.

சபையோரே, நாங்கள் ஏன் ஓடி வந்தோம் என்று பொலிசார் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். வந்து என்ன செய்தோம் என்று ஒருவரும் எழுதவில்லை. விளக்கில் கம்பனியின் பெயர் இருக்கும், பூட்டினவரின் பெயர் இருக்காது. அந்த ஒன்பது பேரில் மூவர் இப்போது இல்லை.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். முதல் தலைமுறை ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். எந்த வேலை, எந்த நேரம், பக்கத்தில் யார் நின்றது, கையில் என்ன சாமான் பிடித்தது. மீன் வெட்டினதும் எழுதலாம், கட்டில் விரித்ததும் எழுதலாம். எழுத ஏலாதவர்களிடம் பேரப்பிள்ளையள் கேட்டு எழுதட்டும். பழைய சம்பளத்துண்டு, வேலையிடத்துப் படம் இருந்தால் எறியாதீர்கள். அடுத்த சித்திரைக்கு முன்னம் அவற்றை ஒரு கோப்பாகச் சேர்த்து விடுவோம். முதல் பக்கத்தை நான் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். இப்போதே செயலாளரிடம் தருகிறேன்.