நிலத்தடி வெப்பமும் அநுமதிப்பத்திரமும்

(நிந்தவூரில் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சமயமும் இலக்கியமும் முழங்கும் இம்மேடையில் மின்சாரத்துக்கும் அநுமதிப்பத்திரத்துக்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியை அவர்கள் நினைத்துப் பார்ப்பார்களாக. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரமின்றி இருந்தோம். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமற் போனதே அதற்குப் பெருங்காரணம். நம் நிலத்திலேயே என்ன வலு உண்டு என்று ஆராய்வது அன்று முதல் நம் ஒவ்வொருவருக்கும் கடமையாகிவிட்டது.

பூமியின் உள்ளே செல்லச் செல்ல வெப்பம் ஏறும். சாதாரணமான இடங்களில் ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்குச் சுமார் 25 முதல் 30 பாகை செல்சியஸ் ஏறுகிறது. இலங்கையிலே எரிமலை இல்லை. ஆயினும் மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, மீண்டும் மேலெழுகிறது. அதுவே வெந்நீரூற்று. திருகோணமலைக் கன்னியாவை அறியாதார் நம்முள் இல்லை. ஆனால் நமது அம்பாறை மாவட்டத்திலேயே, மேற்கே உள்நாட்டில், மகா ஓயாவிலும் கபுறெல்லையிலும் வகாவையிலும் வெந்நீர் ஊறுகிறதென்பதை எத்தனை பேர் அறிவோம்? கபுறெல்லை நீரின் சூடு 70 பாகையைத் தாண்டுகிறது. நாட்டின் ஊற்றுக்களில் மிகச் சூடானவற்றுள் அதுவும் ஒன்று.

இதிலிருந்து மின்சாரம் கிடைக்குமா? உலக அநுபவத்தைப் பார்ப்போம். தாய்லாந்தின் வடக்கே பாங் என்னும் ஊரில் 1989ஆம் ஆண்டு 300 கிலோவாற்று நிலையம் ஒன்று அமைத்தார்கள். அங்கும் எரிமலை இல்லை. வெந்நீரின் சூட்டினால், குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் வேறொரு திரவத்தைக் கொதிக்கச் செய்து, அந்த ஆவியால் யந்திரத்தைச் சுழற்றுகிறார்கள். மிஞ்சும் சுடுநீரை விளைபொருள்களை உலர்த்தவும் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் அலாஸ்காவில் சேனா என்னுமிடத்தில், 2006ஆம் ஆண்டு முதல், 74 பாகை நீரைக் கொண்டே மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே குளிர்விக்கும் நீர் மிகவும் குளிர்ந்தது. நம் வெப்ப தேசத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே நமக்கு இன்னும் சூடான நீர், இன்னும் ஆழத்தில், வேண்டியிருக்கும்.

அந்த ஆழத்தில் என்ன இருக்கிறது? நீரின் இரசாயனத்தைச் சோதித்தும் நிலத்தின் மின்தடையை அளந்தும் அறிஞர்கள் மதிப்பிடலாம். ஆயினும் துளைத்துப் பார்த்தாலன்றி உறுதி சொல்ல முடியாது. இங்கேதான் நாம் பேச வந்த விஷயம் தொடங்குகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கோ, அளந்து பார்ப்பதற்கே பல கந்தோர்களின் படி ஏறவேண்டும்!

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிலைபெறுதகு வலு அதிகார சபை உருவாயிற்று. புதுப்பிக்கத்தக்க வலுவுக்கு முதலில் தற்காலிக அங்கீகாரமும், பின் 20 ஆண்டு அநுமதிப்பத்திரமும் தரும் ஒழுங்கு அதிலே உண்டு. நல்ல சட்டமே. ஆனால் நீரோடையும் காற்றும் வெளியே நின்று அளக்கத்தக்கன. நிலத்தடி வெப்பம் அப்படியன்று. மேலும், காணி அரசினதாயின் பிரதேச செயலகம். காடாயின் வன பரிபாலனத் திணைக்களம். யானைகள் உலவும் சரணாலயமாயின் வனசீவராசிகள் திணைக்களம். பழைய சின்னங்கள் உண்டெனில் தொல்பொருளியல் திணைக்களம். இவற்றோடு மத்திய சுற்றாடல் அதிகார சபை. ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக, காலவரையறையின்றிக் காத்திருப்பதற்கு என்ன நியாயம்?

இந்தோனேசியாவின் சரித்திரம் இங்கே நமக்கு நல்ல பாடம். நிலவெப்ப மின்சாரத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த நாடு அது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலவெப்ப வேலை சுரங்கத் தொழிலாகவே கருதப்பட்டது. சுரங்கத்துக்குத் தடையுள்ள காடுகளில் அதனாற் கால் வைக்க இயலவில்லை. 2014ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதனைச் சுரங்க வகையிலிருந்து நீக்கிற்று. ஒரு சொல்லை மாற்றியதால் ஒரு கதவு திறந்தது.

அதே நாட்டில் மறுபக்கமும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் வட சுமாத்திராவின் சொரிக் மராப்பி என்னுமிடத்தில் கிணறொன்றிலிருந்து கசிந்த நச்சுவாயுவால் ஐவர் மாண்டனர். வேகத்திலே காவல் தளரக்கூடாது. நம்மவர் வாழும் பாலித் தீவின் பெடுகூலில் 1990களிலேயே கிணறுகள் துளைக்கப்பட்டன. மலையையும் ஏரியையும் தெய்வமாய் வணங்கும் அங்குள்ள இந்து மக்கள் எதிர்த்தனர், திட்டம் நின்றுபோயிற்று. முதலிலேயே அவர்களைக் கேட்டிருந்தால் பெரும் பொருளும் மனக்கசப்பும் மிஞ்சியிருக்கும் அல்லவா?

ஆகவே நமது அபிப்பிராயம் இது: கோவை காத்திருக்கும் காலத்தைக் குறையுங்கள், மக்களின் குரல் கேட்கப்படும் காலத்தைக் குறையாதீர்கள். இதனை நான்கு யோசனைகளாகச் சொல்வோம்.

முதலாவது, விண்ணப்பம் ஒரே வாயிலில் ஏற்கப்பட வேண்டும். மற்றத் திணைக்களங்களுக்கு அதனை அனுப்புவது அந்த வாயிலின் கடமை. எல்லாத் திணைக்களங்களும் ஒரே காலத்தில், குறித்த நாளுக்குள் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் எழுத்திலே வேண்டும்.

இரண்டாவது, ஆராய்ச்சித் துளை வேறு, மின்நிலையம் வேறு. அமெரிக்காவிலும் 2024ஆம் ஆண்டு முதல் பொதுநிலங்களில் ஆராய்ச்சி வேலைக்கு இலகுவான பரிசீலனை முறையைக் கைக்கொண்டுள்ளார்கள. சிறு துளைக்கு விரைவான அநுமதி கொடுக்கலாம். துளையைப் பத்திரமாக மூடுவதற்கு வைப்புப் பணம் வாங்கவேண்டும். கண்ட உண்மைகள் அரசாங்கத்துக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கிடைக்கவேண்டும். மின்நிலையத்துக்கோ முழுப் பரிசீலனை தவறக்கூடாது.

மூன்றாவது, எங்கே தொடக்கூடாது என்பதை முன்பே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். கன்னியாவின் ஏழு கிணறுகளில் நம்மவர் பிதிர்க்கடன் செய்வர். அத்தகைய இடங்களையும், குளங்களையும், யானை வழிகளையும் விண்ணப்பம் வந்தபின் தேடுவது வழக்கை வளர்க்கும்.

நான்காவது, சுற்றாடல் தாக்க அறிக்கைக்கு மக்கள் கருத்துச் சொல்ல நமது சட்டம் தரும் 30 நாளில் ஒரு நாளும் குறையக்கூடாது. அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் அந்தந்தப் பிரதேச சபையிலே வாசிக்கக் கிடைக்கவேண்டும். ஊற்று மகா ஓயாவில் இருந்தாலும், நீர் ஓடுவதும் கம்பி ஓடுவதும் பல ஊர்களினூடே அல்லவா? சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒருமித்துக் கேட்கவேண்டிய விஷயம் இது.

வாலிபர்களே! இவை மந்திரிமாரின் வேலை என்று இருந்துவிடலாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உண்டு. ஒரு கோவை எந்த மேசையில் கிடக்கிறதென்று கேட்டால், தகவல் தருவதா இல்லையா என 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். புவிச்சரிதவியல் படிக்க ஆசையுள்ள மாணவர் நம்மிடையே தோன்றவேண்டும். சட்டத்தைப் படித்து ஊருக்கு விளக்குபவரும் தோன்றவேண்டும்.

ஆழத்தில் இருப்பது பெருநிதியாகவும் இருக்கலாம், சில நூறு கிலோவாற்றாகவும் இருக்கலாம். சிறிதெனினும், நெல் உலர்த்த ஒரு களஞ்சியமும் ஒரு கிராமத்துக்கு வெளிச்சமும் கிடைக்குமானால் இழிவன்று. ஒன்றுமில்லை என்றே தெரிந்தாலும் அதுவும் அறிவே. அந்த அறிவைப் பெறும் வழியைத் தூசி படிந்த கோவைகள் அடைக்க வேண்டாம்.